கட்சிக்காரர் யார்? பாக் நீரிணை வழக்குகளும் புதுக்கோட்டைப் படகுகளும்

1974 ஜனவரி 14 வரை புதுக்கோட்டைக்குக் கடல் கிடையாது. தொண்டைமான்களின் சமஸ்தானம் பிரிட்டிஷ் மாவட்டங்கள் சூழ்ந்த வானம் பார்த்த பூமி. 1948இல் அது இந்தியாவுடன் இணைந்து திருச்சி மாவட்டத்துக்குள் போன பிறகும் கடல் வரவில்லை. புதிய மாவட்டம் அமைந்தபோதுதான் தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து அறந்தாங்கிப் பகுதி பிரிந்து வந்தது. அதோடு கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் என்று ஏறத்தாழ 40 கிலோமீட்டர் கடற்கரையும் வந்து சேர்ந்தது. கடல் கிடைத்து ஆறு மாதம் முடியவில்லை. ஜூன் 26, 28 தேதிகளில் கொழும்பிலும் தில்லியிலும் கையெழுத்தான ஓர் ஒப்பந்தம் அந்தக் கடலின் நடுவே எல்லைக்கோட்டைப் போட்டுவிட்டது. கச்சத்தீவு கோட்டுக்கு அந்தப் பக்கம் போனதால் அதைக் கச்சத்தீவு ஒப்பந்தம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். தீவைத் தவிர அதில் வேறென்ன இருக்கிறது என்று படித்துப் பார்த்தவர்கள் குறைவு.

அந்த ஆண்டு இன்னும் இரண்டு காரியங்கள் நடந்தன. ஜனவரியில், இலங்கைத் தோட்டங்களில் நாடற்றவர்களாக மிச்சமிருந்த ஒன்றரை லட்சம் தமிழர்களை ஆளுக்குப் பாதியாக, 75,000 என்று இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் பிரித்துக்கொண்டார்கள். அந்தத் தொழிலாளர்களில் கணிசமானோரின் பூர்வீகம் புதுக்கோட்டை, திருச்சி, இராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்கள். செப்டம்பர் 18 அன்று, ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தின் அதிகார வரம்பை எந்த அளவுக்கு ஏற்கிறோம் என்று இந்தியா ஒரு பிரகடனம் செய்தது. காமன்வெல்த் நாடுகளுடனான தகராறுகளுக்கு அந்த ஏற்பு பொருந்தாது என்பது அதிலிருந்த விலக்குகளில் ஒன்று. இலங்கை காமன்வெல்த் நாடு.

இன்று ஜெகதாப்பட்டினத்து விசைப்படகு ஒன்று இலங்கையின் நெடுந்தீவு அருகே பிடிபட்டு, அதன் தொழிலாளிகளுக்காக ஒரு வழக்கறிஞர் எழுந்து நிற்கும்போது, அவர் என்ன வாதிடலாம், எதை வாதிட முடியாது என்பதில் பெரும்பகுதி அந்த ஓராண்டிலேயே முடிவாகிவிட்டது. முடிவு செய்தவர்களும் சட்டம் படித்தவர்கள்தான். ஆனால் அவர்களுடைய கட்சிக்காரர் வேறு.

சர்வதேச வழக்கறிஞர் என்றால் நம் மனதில் வருவது பாகிஸ்தான் சிறையிலிருந்த குல்பூஷண் ஜாதவுக்காக ஒரு ரூபாய்க் கட்டணத்தில் ஹேக்கில் வாதாடிய ஹரிஷ் சால்வேயின் படம். தமிழர்கள் அடிக்கடி சிக்கிக்கொள்ளும் சர்வதேச வழக்கு நடக்கும் இடமோ யாழ்ப்பாணத்துக்கு மேற்கே தீவகத்தின் ஊர்காவற்துறை நீதவான் நீதிமன்றம். பருத்தித்துறை, மன்னார் நீதிமன்றங்களையும் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டு நாட்டு வெளியுறவு அமைச்சகங்களும் இரண்டு கரை அரசியல்வாதிகளும் கவனித்துக்கொண்டிருக்கிற வழக்குகள் இவை. சட்ட சஞ்சிகைகளில் இவற்றுக்கு இடம் கிடையாது.

*

வழக்கின் போக்கைப் பார்ப்போம். படகு மீன்வளத் துறையின் டோக்கன் வாங்கிக்கொண்டு புறப்படும். பாக் விரிகுடாவில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, மற்ற நாள் நாட்டுப் படகுக்கு என்று பங்கு பிரித்திருக்கிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்பது 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தின் விதி. விரிகுடா அகலம் குறைந்தது. மூன்று மைலைக் கழித்து, எல்லைக்கோடு வரை மிச்சமிருக்கும் நீர்ப்பரப்பில் இத்தனை இழுவைமடிப் படகுகளுக்கும் மீன் இல்லை. இறால் எல்லைக்கோட்டுக்கு அப்பால்தான் நிறைய. படகு கோட்டைத் தாண்டுகிறது என்பதைப் படகுக்காரர்களே இப்போது பெரிதாக மறுப்பதில்லை. சமயங்களில் தாண்டாத படகும் பிடிபடுவதாகச் சொல்கிறார்கள். அதை நிரூபிக்கும் ஜி.பி.எஸ். கருவி படகோடு பறிமுதலாகி எதிர்த்தரப்பின் கையில் இருக்கும்.

இலங்கைக் கடற்படை பிடித்த ஆட்களைக் காங்கேசன்துறைக்கோ மயிலிட்டிக்கோ கொண்டுவந்து கடற்றொழில் திணைக்களத்திடம் ஒப்படைக்கும். அவர்கள் நீதவான் முன் நிறுத்துவார்கள். விளக்கமறியல் (விசாரணைக் காவல்), யாழ்ப்பாணச் சிறை. 2010இல் திறக்கப்பட்ட யாழ்ப்பாண இந்தியத் துணைத் தூதரகம் ஆள் அனுப்பிப் பார்க்கும், உடுப்பு கொடுக்கும், உள்ளூர் வழக்கறிஞரை ஏற்பாடு செய்யும். இங்கேதான் முதல் சிக்கல். ஏற்பாடு செய்வது இந்திய அரசு. நிற்பது தொழிலாளிக்காக. நஷ்டம் யாருடையது என்று பார்த்தால் அது ஜெகதாப்பட்டினத்தில் இருக்கும் படகு முதலாளியுடையது. தொழிலாளிக்கு வீடு திரும்ப வேண்டும். முதலாளிக்குப் படகு திரும்ப வேண்டும். அரசுக்குச் செய்தி சீக்கிரம் அடங்க வேண்டும். மூன்றும் ஒன்றல்ல, சில வேளை ஒன்றுக்கொன்று எதிரானவை. இந்த மூன்றுக்கும் நடுவே, விளக்கமறியலில் சற்று நேரமே பார்க்கக் கிடைத்த ஒருவருக்காக வழக்கறிஞர் பேச வேண்டியிருக்கிறது.

அவர் தரக்கூடிய நடைமுறை ஆலோசனை பெரும்பாலும் ஒன்றுதான்: குற்றத்தை ஒப்புக்கொள். மறுத்தால் விசாரணை, விசாரணை முடியும்வரை மறியல், வீட்டில் வருமானம் இல்லை. ஒப்புக்கொண்டால் ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை. அதாவது, குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் மறுபடி பிடிபடாவிட்டால் சிறை இல்லை. பிறகு மிரிஹானை தடுப்பு முகாம் வழியாகவோ வேறு வழியாகவோ சென்னைக்கு விமானம். வரவேற்க ஓர் அதிகாரி, ஊருக்குப் போக ஒரு வேன். அந்த நாளுக்கு அது மிக நல்ல ஆலோசனை. கெடுதல் பின்னால் வருகிறது. கடலைத் தவிர வேறு தொழில் தெரியாத ஆள் மறுபடி படகேறுவார். அவர் தலைக்கு மேல் அந்தத் தண்டனை தொங்கிக்கொண்டே இருக்கும். 2024 பிப்ரவரியில் ஊர்காவற்துறை நீதிமன்றம் இராமேஸ்வரம் மீனவர் மூவரை உண்மையாகவே சிறைக்கு அனுப்பியது. அவர்களில் ஒருவர் இரண்டாம் முறை பிடிபட்டவர். இராமேஸ்வரம் மீனவர்கள் அந்த ஆண்டு கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவையே புறக்கணித்தார்கள். முதல் வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு விடுதலையானது அப்போது யாருக்கும் தோல்வியாகப் படவில்லை. இரண்டாம் வழக்கில் அதுதான் எதிர்ச்சாட்சி.

படகின் கதை தனி. இலங்கை தனது 1979ஆம் ஆண்டு வெளிநாட்டு மீன்பிடிப் படகுகள் சட்டத்தை 2018இல் திருத்தி, படகின் நீளத்தைப் பொறுத்து அபராதத்தை 17.5 கோடி இலங்கை ரூபாய் வரை உயர்த்தியது. படகு வேண்டுமானால் முதலாளி ஆவணங்களுடன் நேரில் போய் நீதிமன்றத்தில் நிற்க வேண்டும். போகாவிட்டால் படகு அரசுடைமை. கடன் வாங்கிக் கட்டிய படகுகள் காரைநகரிலும் மயிலிட்டியிலும் மழையிலும் வெயிலிலும் கிடந்து இற்றுப்போவதைப் பற்றிக் கோட்டைப்பட்டினத்தில் யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த நீதிமன்றக் காட்சியில் வெளியாருக்குச் சட்டென்று புலப்படாத ஒன்று உண்டு. குற்றம் சாட்டப்பட்டவர் தமிழர். வழக்கறிஞர் தமிழர். வடக்கின் நீதிமன்ற மொழி தமிழ். கிழிந்த வலையைக் காட்டி, இந்திய இழுவைப் படகுகளைப் பிடியுங்கள் என்று வெளியே போராடுகிறவரும் தமிழர். போர்க்காலம் முழுவதும் கடலுக்குள் போக முடியாமல் இருந்து, 2009க்குப் பிறகு கடன் வாங்கி வலை வாங்கியவர் அவர். தமிழகத்து மேடைகளில் இந்த வழக்கு சிங்களக் கடற்படைக்கும் தமிழ் மீனவனுக்கும் இடையிலானது. ஊர்காவற்துறையில் அது அத்தனை எளிதாக இல்லை.

*

சட்டம் தெரிந்த எவரும் கேட்கக்கூடிய கேள்வி: ஏன் இதை ஹாம்பர்க்குக்குக் கொண்டுபோகவில்லை?

ஐ.நா. கடற்சட்ட உடன்படிக்கையின் 73ஆம் சரத்து மீனவனுக்குச் சாதகமானது. பிற நாட்டின் பொருளாதார மண்டலத்தில் மீன்பிடித்துப் பிடிபட்டால், நியாயமான பிணைத்தொகை கட்டியதும் படகையும் ஆட்களையும் தாமதமின்றி விட வேண்டும். நாடுகள் தங்களுக்குள் வேறு விதமாக ஒப்புக்கொண்டிருந்தாலன்றி, மீன்பிடிக் குற்றத்துக்குச் சிறைத்தண்டனை கூடாது. விடாவிட்டால் 292ஆம் சரத்தின்படி ஹாம்பர்க் நகரிலுள்ள கடற்சட்டத் தீர்ப்பாயத்தை அணுகலாம். அந்தத் தீர்ப்பாயம் 1997இல் எடுத்த முதல் வழக்கே இப்படி ஒரு கப்பலை விடுவிக்கச் சொன்ன வழக்குதான். இந்தியா உடன்படிக்கையை 1995இல் ஏற்றது. இலங்கை அதற்கு முந்தைய ஆண்டே ஏற்றுவிட்டது. இந்தியரான பி. சந்திரசேகர ராவ் 1999 முதல் மூன்றாண்டு அந்தத் தீர்ப்பாயத்தின் தலைவராகவே இருந்தார். கதவு இருக்கிறது, வழி தெரிந்த ஆட்களும் இருந்தார்கள்.

ஆனால் பாக் விரிகுடாவில் பொருளாதார மண்டலமே கிடையாது. 1974 ஒப்பந்தம் அந்த நீர்ப்பரப்பை ‘வரலாற்று நீர்’ என்று வகைப்படுத்தி ஆறு புள்ளிகளை இணைத்துப் பிரித்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் இலங்கையின் முழு இறையாண்மை. 1977 ஜனவரியில் இலங்கை ஒரு பிரகடனத்தின் மூலம் பாக் விரிகுடாவில் உள்ள தன் பங்கை உள்நாட்டு நீர் என்றே அறிவித்தது. ஏரியில் திருட்டு மீன் பிடித்தவருக்கு 73ஆம் சரத்து எப்படி உதவாதோ அப்படியே இங்கும் உதவாது. அரபிக்கடலில் பிடிபடும் குஜராத் மீனவருக்காக எழுப்பக்கூடிய வாதம் கோட்டைப்பட்டினத்து மீனவருக்கு இல்லை.

இந்த வகைப்பாட்டை யாரோ 1974இல் திடீரென்று கண்டுபிடிக்கவில்லை. அது மெட்ராஸ் உயர் நீதிமன்றத்தில் ஒரு சங்குத் திருட்டு வழக்கில் பிறந்தது என்றே சொல்லலாம். 1904இல் தீர்ப்புத் தொகுதியில் அச்சேறிய ‘அன்னக்குமாரு பிள்ளை எதிர் முத்துப்பயல்’ வழக்கு அது. இராமநாதபுரம் ராஜாவின் சங்குப் படுகையிலிருந்து, கரைக்கு மூன்று மைலுக்கும் அப்பால், சங்கெடுத்தது திருட்டாகுமா என்பது கேள்வி. கடல் யாருக்கும் சொந்தமில்லை என்றால் திருட்டே இல்லை. பாக் விரிகுடா திறந்த கடல் அல்ல, ஆட்சிப்பரப்பின் பிரிக்க முடியாத பகுதி என்று நீதிமன்றம் சொன்னது. மன்னர்கள் நெடுங்காலமாக அங்கே முத்தும் சங்கும் எடுத்துவந்த உரிமையே அதற்கு ஆதாரம். 1921இல் மெட்ராஸ் அரசும் இலங்கை அரசும் கொழும்பில் உட்கார்ந்து மீன்பிடி எல்லை பேசியபோதும் இந்தப் பார்வையே அடித்தளம். ஜமீன்தாரின் சங்கைக் காப்பாற்ற எழுந்த ஒரு வாதம், எழுபது ஆண்டு கழித்து இரண்டு நாடுகளின் எல்லையாயிற்று. இன்று ஒரு கூலித் தொழிலாளியின் பிணை மனுவுக்குத் தடையாக நிற்கிறது. ஒரு வழக்கறிஞர் ஒரு கட்சிக்காரருக்காகச் சொல்லும் வாதம் எங்கெல்லாம் போய் முளைக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அந்த வாதத்தில் அபத்தம் ஒன்றுமில்லை. அமெரிக்கக் கண்டத்தில் எல் சால்வடோர், ஹோண்டுராஸ், நிகராகுவா மூன்றும் பகிர்ந்துகொள்ளும் ஃபொன்சேகா வளைகுடாவையும் சர்வதேச நீதிமன்றம் 1992இல் வரலாற்று வளைகுடா என்றே ஏற்றது. அங்கே தீர்ப்பு அந்த நீரை மூன்று நாடுகளின் கூட்டு உடைமையாகக் கண்டது. கரையோரத்தில் ஆளுக்கொரு பட்டை, மீதி பொது. பாக் விரிகுடாவில் நாம் கூட்டு உடைமைக்குப் பதில் கோட்டைத் தேர்ந்தோம். இந்தியாவின் கடல் எல்லைப் பேச்சுகளை அந்த ஆண்டுகளில் நடத்திய வெளியுறவு அமைச்சகச் சட்ட ஆலோசகர் எஸ்.பி. ஜகோத்தா பிற்பாடு கடல் எல்லைகளைப் பற்றி ஒரு பெரிய நூலே எழுதினார். அவருடைய கட்சிக்காரர் இந்திய அரசு. அந்தக் கட்சிக்காரருக்கு அன்று வேண்டியிருந்தது தெற்கே நல்லுறவும் நிச்சயமான எல்லையும். தன் கட்சிக்காரருக்கு அவர் நன்றாகவே உழைத்தார்.

1974 ஒப்பந்தத்தின் 5ஆம் சரத்து இந்திய மீனவரும் யாத்ரிகரும் வழக்கம்போலக் கச்சத்தீவுக்குப் போய்வரலாம் என்கிறது. இரு நாட்டுப் படகுகளும் மற்றவர் நீரில் பாரம்பரியமாக அனுபவித்த உரிமைகள் தொடரும் என்பது 6ஆம் சரத்து. அன்றைய வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங், மீன்பிடி உரிமையும் இதில் காக்கப்பட்டிருக்கிறது என்று நாடாளுமன்றத்தில் உறுதி கூறினார். தமிழ்நாட்டு வழக்கறிஞர்கள் விடாமல் பற்றிக்கொண்டிருப்பது இந்த இரு சரத்துகளைத்தான். ஆனால் 1976 மார்ச் 23 அன்று இந்திய வெளியுறவுச் செயலாளர் கேவல் சிங்குக்கும் இலங்கைச் செயலாளர் டபிள்யூ.டி. ஜயசிங்கவுக்கும் இடையே கடிதம் பரிமாறப்பட்டது. இந்தியப் படகுகளும் மீனவர்களும் இலங்கையின் வரலாற்று நீரிலும், ஆட்சிக் கடலிலும், பொருளாதார மண்டலத்திலும் மீன்பிடிக்க மாட்டார்கள் என்கிறது அந்தக் கடிதம். அது நெருக்கடி நிலைக் காலம். ஜனவரி 31 அன்றே திமுக ஆட்சி கலைக்கப்பட்டிருந்தது. எதிர்த்துத் தீர்மானம் போடச் சென்னையில் சட்டமன்றம் இல்லை. ஒப்பந்தத்தின் ஒரு சரத்தை ஒரு கடிதம் வெட்டிவிட முடியுமா என்பது நல்ல சட்டக் கேள்வி. அதைக் கேட்க உகந்த நீதிமன்றம் ஹேக்கில் இருக்கிறது. ஹேக்கின் கதவை 1974 செப்டம்பர் பிரகடனத்தின் காமன்வெல்த் விலக்கு சாத்திவைத்திருக்கிறது. அந்த விலக்கின் பலம் எவ்வளவு என்பதை 2000ஆம் ஆண்டு பாகிஸ்தான் பார்த்தது. தன் கடற்படை விமானத்தை இந்தியா சுட்டு வீழ்த்தியதற்காக அது தொடுத்த வழக்கு, விசாரணைக்கே போகாமல், அதிகார வரம்பு இல்லை என்று முடிந்தது. இந்தியாவுக்கு வெற்றிதான். 2019இல் பிரகடனத்தைப் புதுப்பித்தபோதும் அந்த விலக்கை இந்தியா விடவில்லை.

*

அரசு நினைத்தால் ஒரு தனிமனிதனின் வழக்கைத் தன் வழக்காக்கிக்கொள்ளும். ஜாதவ் வழக்கில் அப்படித்தான் செய்தது. தூதரகத் தொடர்பு பற்றிய வியன்னா உடன்படிக்கையின் வழியாக உள்ளே நுழைந்து, 2019 ஜூலை 17 அன்று சாதகமான தீர்ப்பும் பெற்றது. மீனவர்களுக்கும் ஒருமுறை ஹேக் வரை வழி திறந்தது. 2012 பிப்ரவரி 15 அன்று கேரளக் கரைக்கு அப்பால் ‘என்ரிகா லெக்ஸி’ என்ற இத்தாலியக் கப்பலிலிருந்து இத்தாலியக் கடற்படை வீரர்கள் சுட்டதில் ‘செயின்ட் ஆண்டனி’ படகில் இருந்த இருவர் செத்தார்கள். ஒருவர் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். எட்டு ஆண்டு வழக்காடிய பிறகு ஹேக்கில் கூடிய நடுவர் தீர்ப்பாயம், வீரர்களைத் தண்டிக்க இந்தியாவுக்கு அதிகாரமில்லை, ஆனால் இத்தாலி இழப்பீடு தர வேண்டும் என்றது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் 10 கோடி ரூபாயைப் பங்கிட்டு, இரு குடும்பங்களுக்கும் தலா 4 கோடி, படகு உரிமையாளருக்கு 2 கோடி என்று வழக்கை முடித்துவைத்தது.

அதே 2021 ஜனவரியில் கோட்டைப்பட்டினத்திலிருந்து போன படகு ஒன்று நெடுந்தீவு அருகே இலங்கைக் கடற்படைக் கலத்துடன் மோதி மூழ்கியதில் நான்கு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் மண்டபம் முகாமில் இருந்த இலங்கைத் தமிழ் அகதி. தப்ப முயன்றபோது படகு எங்கள் கலத்தில் இடித்தது என்றது கடற்படை. இடித்து மூழ்கடித்தார்கள் என்றது கரை. அக்டோபரில் கோட்டைப்பட்டினத்து மீனவர் இன்னொருவர் அதேபோல் இறந்தார். பெட்டியில் வந்த உடலைச் சரியாகப் பார்க்கவும் விடவில்லை என்று குடும்பம் வழக்குப் போட, புதைத்த உடலைத் தோண்டி மறு உடற்கூராய்வு செய்யச் சொன்னது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. 2004இல் அந்தக் கிளை வந்த பிறகு புதுக்கோட்டைக்காரர்களின் ரிட் மனுக்களெல்லாம் அங்கேதான் போகின்றன. மதுரையில் வாதாடும் வழக்கறிஞரால் அவ்வளவுதான் முடியும். இந்திய மண்ணில் இருக்கும் உடலின் மீது உத்தரவு வாங்கலாம். மோதிய கலத்தின் மீதோ, அதை ஓட்டியவர் மீதோ, எங்கே மோதியது என்ற பதிவின் மீதோ எந்த உத்தரவும் செல்லாது. இத்தாலிக்கு எதிராக இருந்த தீர்ப்பாயம் இங்கே இல்லை. உயிருக்கு விலை வைப்பது கேவலம் என்று தோன்றலாம். கேரளக் கரைக்கு அப்பால் செத்தவர்களின் குடும்பத்துக்கு ஒரு விலையாவது கிடைத்தது.

இன்னொரு வழக்கு, வழக்கறிஞர் தொழிலின் மனசாட்சியையே தொடுவது. 2011 நவம்பரில் இராமேஸ்வரம் பகுதி மீனவர் ஐந்து பேரை ஹெராயின் கடத்தியதாக இலங்கைக் கடற்படை பிடித்தது. மூன்று ஆண்டு கழித்து, 2014 அக்டோபர் 30 அன்று, கொழும்பு உயர் நீதிமன்றம் அவர்களுக்கும் இலங்கையர் மூவருக்கும் மரண தண்டனை விதித்தது. தமிழகக் கரை கொந்தளித்தது. தமிழ்நாடு அரசு வழக்குச் செலவுக்கு 20 லட்சம் ரூபாய் ஒதுக்கியது. தூதரகம் வழக்கறிஞரை வைத்து மேல்முறையீடு செய்தது. சில நாட்களில் அந்த மேல்முறையீடு திரும்பப் பெறப்பட்டது. காரணம் எளிது. மேல்முறையீடு நிலுவையில் இருந்தால் ஜனாதிபதி மன்னிப்பு வழங்குவதில் சிக்கல். நவம்பர் 19 அன்று ஜனாதிபதி ராஜபக்ச மன்னித்தார்; ஐவரும் வீடு வந்தார்கள்.

அந்த வழக்கறிஞர் இடத்தில் நின்று பார்த்தால் இதன் கனம் தெரியும். தன் கட்சிக்காரர்கள் நிரபராதிகள் என்று சொல்லத்தான் அவர் மேல்முறையீட்டை எழுதினார். அதை அவரே வாபஸ் வாங்க வேண்டும். தூக்குக் கயிறு ஒரு பக்கம், விமான டிக்கெட் ஒரு பக்கம் இருக்கையில் எந்த வழக்கறிஞரும் வேறு ஆலோசனை சொல்லமாட்டார், சொல்லவும் கூடாது. ஆனாலும் சட்டத்தின் ஏட்டில் அந்த ஐவரும் குற்றவாளிகளாகவே மன்னிக்கப்பட்டார்கள். சாட்சியம் நம்பத்தக்கதா, படகில் இருந்ததாகச் சொன்ன பொருள் அங்கே எப்படி வந்தது என்ற கேள்விகளை மேல் நீதிமன்றம் பார்க்கவே இல்லை. அரசியல் அவர்களைக் காப்பாற்றியது உண்மை. அதே வேகத்தில் அவர்களுடைய வாதத்தை அது கேட்காமலும் விட்டது. ஊர்காவற்துறையில் குற்றத்தை ஒப்புக்கொண்டு திரும்புகிறவர்களின் கதையும் அளவில் சிறிய இதே கதைதான். பல ஆண்டுகளாக இத்தனை வழக்குகள் நடந்தும் 1974 ஒப்பந்தத்தின் 6ஆம் சரத்துக்கு இலங்கையின் மேல் நீதிமன்றங்கள் என்ன பொருள் சொல்கின்றன என்று காட்ட, வழக்கறிஞர்கள் கையில் எடுத்து மேற்கோள் காட்டும் தீர்ப்பொன்று உருவாகவில்லை. வழக்கு மேலே போனால்தானே தீர்ப்பு வரும்.

*

எதிர்க்கரையில் இதே துறையில் பெயர் பெற்ற ஒருவரைச் சொல்லாமல் இந்தக் கட்டுரை நிறைவாகாது. ஜனாதிபதி சட்டத்தரணி எம்.ஏ. சுமந்திரன், நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். 2018இல் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன நாடாளுமன்றத்தைக் கலைத்தபோது, அது செல்லாது என்று உச்ச நீதிமன்றத்தில் வாதாடி வென்ற தரப்பின் வழக்கறிஞர்களில் முக்கியமானவர். அரசியல் சூடேறிய வழக்குகளே அவருடைய தொழில்வாழ்க்கை எனலாம். இலங்கையில் அடிமட்ட இழுவைமடியைத் தடைசெய்யும் 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதா. 2021 அக்டோபரில் முல்லைத்தீவிலிருந்து பருத்தித்துறை வரை வடபகுதி மீனவர்கள் படகுகளில் நடத்திய போராட்டத்தில் அவர் முன்னால் இருந்தார். கோட்டைப்பட்டினத்து மீனவர் இறந்த அதே அக்டோபர்.

தமிழகத்தில் சிலர் அவரைத் துரோகி என்று திட்டினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த வழக்குகளில் தன் கட்சிக்காரர் யார் என்பதில் குழப்பமில்லாதவர் ஒருவர் உண்டென்றால் அது அவர்தான்: வலை கிழிந்த வடமராட்சி மீனவர். அந்தச் சட்டம் இந்தியர், இலங்கையர் என்று பார்க்கவில்லை. கடலடியை வாரிச் சுரண்டும் மடியைத் தடுத்தது. 2014இல் சென்னையிலும் கொழும்பிலும் இரு கரை மீனவப் பிரதிநிதிகளும் நேரில் பேசியபோது, இழுவைமடியைக் கைவிட மூன்றாண்டு அவகாசம் கேட்டது நம் தரப்புதான். கைவிட வேண்டியது என்று அப்போதே தெரிந்திருந்தது. 2017இல் ஆழ்கடல் மீன்பிடிக்கு மாறுவதற்கு மானியத் திட்டம் வந்தது. இரண்டாயிரம் படகுகளை மாற்றுவது இலக்கு. அதன் அருகில்கூட எட்டவில்லை.

இழுவைப் படகை நம் கரைக்குக் கொண்டுவந்ததே அரசுதான். 1952இல் கேரளத்தில் தொடங்கிய இந்திய-நார்வே திட்டத்தையும் அதன்பின் வந்த ஏற்றுமதி இறால் மோகத்தையும் மானியத்தையும் கழித்துவிட்டு ஜெகதாப்பட்டினத்துத் துறைமுகத்தைப் புரிந்துகொள்ள முடியாது. நான் மீனவனுக்கு வழக்கறிஞராக இருந்தால் ஊர்காவற்துறையில் இதைச் சொல்லத் துணிவேன்: என் கட்சிக்காரரை இந்தத் தொழிலுக்குள் இழுத்ததில் அவருக்காக எனக்குக் கட்டணம் தருகிறவருக்கும் பங்குண்டு. சொன்னால் அடுத்த வழக்கு எனக்கு வராது.

*

தில்லியில் பழைய வழக்கு இருக்கிறது. 2008இல் ஜெயலலிதா கச்சத்தீவு ஒப்பந்தங்களை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். அவர் முதல்வரான பின் 2011இல் மாநில அரசும் அதில் சேர்ந்துகொண்டது. 2013இல் கருணாநிதி தன் பங்குக்கு ஒரு மனுப் போட்டார். வாதத்தின் அடிப்படை 1960ஆம் ஆண்டின் பெருபாரி தீர்ப்பு: இந்திய நிலத்தை வேறு நாட்டுக்குத் தர அரசியலமைப்புத் திருத்தம் வேண்டும். ஒன்றிய அரசின் பதில்: தரவே இல்லை, தகராறில் இருந்த இடத்துக்கு எல்லை வகுத்தோம், அவ்வளவே. 2014இல் தலைமை வழக்கறிஞர் முகுல் ரோத்தகி, தீவை மீட்க வேண்டுமானால் போருக்குத்தான் போக வேண்டும் என்று நீதிமன்றத்திலேயே சொன்னார். மனுதாரர்கள் இருவரும் காலமாகிவிட்டார்கள்.

அந்த வழக்கு வென்றாலும் கோட்டைப்பட்டினத்துக்கு என்ன கிடைக்கும் என்று வரைபடத்தை விரித்துப் பார்த்தால் தெரியும். எல்லைக்கோடு கச்சத்தீவுக்கு மேற்கே ஒரு மைல் தள்ளிப் போகிறது. தீவின் பரப்பு 285 ஏக்கர். இராமேஸ்வரத்துப் படகுக்கு அது முக்கியம். வடக்கே இருக்கும் புதுக்கோட்டைப் படகுகள் பிடிபடுவதோ பெரும்பாலும் நெடுந்தீவுப் பக்கம். தீவு திரும்பி வந்தாலும் அங்கே பிடிபடுகிறவர் இலங்கையின் உள்நாட்டு நீரில் பிடிபட்டவர்தான்; வழக்கு ஊர்காவற்துறைக்குத்தான் போகும்.

அவருக்கு உதவக்கூடியது வேறு இடத்தில் இருக்கிறது. 2008 அக்டோபரில், போரின் உச்சத்தில், இந்தியாவும் இலங்கையும் மீன்பிடி ஏற்பாடுகள் பற்றி ஒரு கூட்டறிக்கை வெளியிட்டன. இந்தியப் படகுகள் மீது சுடுவதில்லை, இலங்கை குறிப்பிட்ட சில பகுதிகளுக்கு இந்தியப் படகுகள் போவதில்லை, படகுகளுக்கு முறையான பதிவும் அடையாளமும் வேண்டும் என்ற அளவில் அது இருந்தது. ஒப்பந்தத்தைத் திருத்தவில்லை, கோட்டைத் தொடவில்லை, கச்சத்தீவைப் பற்றிப் பேசவும் இல்லை. அதேபோல ஓர் ஏற்பாட்டில், பிணை கட்டினால் ஆளையும் படகையும் விடுவது, முதல் இரண்டு முறை சிறையில்லை, இழுவைமடியைக் கைவிட இத்தனை ஆண்டு என்று எழுதிவிட முடியும். கடற்சட்ட உடன்படிக்கையின் 73ஆம் சரத்து தர மறுப்பதை இரு அரசுகளும் தாங்களே தந்துகொள்ளலாம். அதற்கு நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. இரண்டு செயலாளர்கள் கடிதம் மாற்றிக்கொண்டால் போதும், 1976 மார்ச்சில் மாற்றிக்கொண்டதைப் போல.